கறுப்புக் கண்ணாடி போடாத முகம்

அக்கா, இன்று காலை கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் உன் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தேன். புது மை வாசம்கூடப் போகவில்லை. படத்தில் நீ கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாய். பிறவியிலேயே பார்வை இல்லாத நீ, எழுபது வருஷத்தில் ஒருநாளும் கண்ணாடி போட்டதில்லை. ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறான்.

நேராக அவன் கடைக்குப் போனேன்.

“ஏனுங்க, யாரைக் கேட்டு கண்ணாடி மாட்டுனீங்க?”

“கண்ணு தெரியாதவங்கன்னா அப்படித்தான் போடுவோமுங்க பாட்டி. இல்லீன்னா பாக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்க.”

“பாக்கறவனுக்குச் சங்கடம்னா அவன் மூஞ்சிக்கு மாட்டுங்க.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் தேயிலை எஸ்டேட்டில் உனக்கு வேலை தரமாட்டேன் என்றாரே சூப்பர்வைசர், அவர் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு நாள் பறித்துக் காட்டுகிறேன் என்று கேட்டு வாங்கினாய். விரல் நுனியாலேயே தளிர் எது, முற்றல் எது என்று பிரித்தாய். எடை போடும் இடத்தில் உன் சாக்கைக் கொட்டிக் கிளறினார். ஒரு முற்றல் இலை இல்லை. உன்னை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்:

“இதுக்கு யாரு பறிச்சுக் குடுத்தது?”

“அவங்களேதாங்க. பாவம், நல்லாப் பறிப்பாங்க” என்றேன். உனக்காகப் பேசிவிட்ட பெருமை எனக்கு.

நீ என் பக்கம் திரும்பினாய். “எனக்குக் கண்ணுதான் இல்ல புள்ள, வாய் இருக்கு. அந்தப் பாவத்த நீயே வச்சிக்க.” பிறகு அவரிடம், “நாளைக்கு நீங்க கண்ணக் கட்டிக்கிட்டு வாங்கய்யா, ரெண்டு பேரும் பறிப்போம்” என்றாய்.

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். வேலை கிடைத்தது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

ஸ்டுடியோக்காரன் மறுபடி அடித்துக் கொடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். மதியம் பழைய பேனரை இறக்க வைத்தேன். இப்போது உன் வெள்ளை விழிகளோடு சிரிக்கிறாய். சிலர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு முன்னால் உனக்கு இரங்கல் கூட்டம். ‘காலமெல்லாம் இருட்டில் கிடந்த ஜீவன்’ என்று தொழிலாளர் சங்கத் தலைவர் பேச எழுதி வைத்திருக்கிறாராம். அவர் மகளே சொன்னாள். இருட்டா? கரண்டு போனால் விளக்கைத் தேடிச் சுவரில் முட்டிக்கொண்டது நான். நீ பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாய்.

முதல் வரிசையில் உட்காரப் போகிறேன். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரட்டும், எழுந்துபோய் மைக்கை வாங்குவேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லைதான். நீ எனக்கு விட்டுப்போனது ரோஷம் ஒன்றுதான் அக்கா. அதை இறக்கி வைப்பதாக இல்லை.