சாமி முன் போட்ட சீட்டு

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

சீட்டு எடுத்தபோது இருந்தவர்கள்: நான், பாப்பா, மாடிவீட்டு நர்ஸ் அக்கா. சாட்சிக்கு வெளியாள் ஒருவர் இருக்கட்டும் என்று அக்காவை அழைத்தேன். மாஸ்க்கைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். அவர் வார்டில் மறுபடியும் ஆறு பேருக்குத் தொற்றாம்.

உங்கள் பழைய சுற்றுலா பஸ் கம்பெனி நாற்பது டிரைவர்களில் பதினான்கு பேரைத்தான் திரும்பக் கூப்பிடுகிறது, அதில் நீங்களும் ஒருவர். மூன்று மாதம் பாதிச் சம்பளம். இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டும். இப்போது இருக்கும் பார்சல் கிடங்கிலோ முழுச் சம்பளம். "என்னால முடிவு பண்ண முடியல, சாமிகிட்டயே கேட்டுடு" என்று போனில் சொன்னீர்கள். ஒரு சீட்டில் கிடங்கு, ஒன்றில் பஸ் என்று எழுதச் சொன்னீர்கள். குளித்து, விளக்கேற்றி, இரண்டு சீட்டையும் மடித்துச் சாமி படத்தின் முன் வைத்தேன். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள்.

பஸ்.

"அப்பா வராரு!" என்று வீடு அதிரக் கத்தினாள். "இருடி, உங்கப்பா இன்னும் கிளம்பவே இல்ல" என்றார் அக்கா.

இனி உங்கள் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 9

என் கணக்குப்பிள்ளைக்கு,

கடிதத்தைக் கிடங்கில் நின்றபடியே படித்தேன். நான் விட்ட பெருமூச்சில் பக்கத்திலிருந்தவன், "யாருக்கு என்னாச்சுண்ணே?" என்று பதறிவிட்டான்.

சாமியே சொன்ன பிறகு மறைப்பானேன்? எனக்குப் பஸ்தான் வேண்டும். பதினேழு மாதமாக அட்டைப்பெட்டிகளோடு குடித்தனம். ஒரு பெட்டியாவது "அண்ணே, டீக்கு எப்ப நிறுத்துவீங்க?" என்று கேட்டதுண்டா? ஆனால் உன்னிடம் சொல்லப் பயம். மறுபடி தொற்று ஏறி, பஸ் நின்றுபோனால் நீ திட்டமாட்டாய். கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாய். அதற்குத்தான் பயந்து பாரத்தைச் சாமி மேல் போட்டேன்.

முப்பதாம் தேதியோடு நின்றுகொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். "நிலையான வேலைய யாராவது விடுவாங்களா?" என்றார். "மேலிடத்து உத்தரவு சார்" என்றேன்.

சும்மா ஒன்று கேட்கிறேன். கிடங்கு என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

இப்படிக்கு,
பார்சல்காரன்

மார்ச் 14

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

கிடங்கு என்று வந்திருக்கவே முடியாது. இரண்டிலும் பஸ் என்றுதான் எழுதினேன்.

போனில் சொல்ல நாக்கு எழவில்லை. திட்டமிட்டுச் செய்யவில்லை. முதல் சீட்டில் பஸ் என்று எழுதினேன். இரண்டாவதில் கிடங்கு என்று எழுதக் கை ஓடவில்லை. போன தடவை வீட்டுக்கு வந்து நான்கு நாள் இருந்தீர்கள். பாப்பாவிடம் பதினொரு வார்த்தை பேசினீர்கள், எண்ணினேன். பஸ் நிறையப் பயணிகளைச் சிரிக்கவைத்தே கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன்.

பாதிச் சம்பளத்தில் மூன்று மாதம் ஓடுமா என்று பார்த்துவிட்டேன், ஓடும். மறுபடி பஸ் நின்றால் நோட்டைத் தொடமாட்டேன். வாய்விட்டே சண்டை போடுகிறேன், போதுமா?

நர்ஸ் அக்காவிடம் அன்றைக்கே மாட்டிக்கொண்டேன். மீதிச் சீட்டை அவசரமாக முந்தானையில் முடிந்ததைப் பார்த்துவிட்டார். "ஜெயிச்ச சீட்டத்தான் எல்லாரும் பத்திரப்படுத்துவாங்க. நீ என்னம்மா தோத்தத ஒளிக்கிற?" என்று ஒரே சிரிப்பு.

சாமியிடம் தினமும் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்கும் பஸ்தான் ஆசை என்று படித்தேன். சாமி மன்னித்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சூப்பர்வைசரிடம் சொன்ன மேலிடத்து உத்தரவு, அடுப்படியில் உட்கார்ந்து நான் எழுதியது. சாமி சொன்னார் என்று நம்பித்தான் வேலையை விடுகிறீர்கள். நான் சொன்னேன் என்றாலும் விடுவீர்களா? மனம் மாறினால் சூப்பர்வைசரிடம் பேச இன்னும் நாள் இருக்கிறது.

கம்பெனிக்கு இருபதாம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை