எல்லைக்கல்லுக்கு ரெண்டு பக்கமும்

அப்பாவுக்கு மகள் செண்பகம் எழுதுறது. முட்டி வலி தேவலையா?

எங்க காலனியே பனியன் கம்பெனிக்கு வந்தவங்க, ஊருக்குள்ள வாடகை கட்டுப்படியாகாம, மாவட்ட எல்லைக்கல்லை ஒட்டித் தகரம் போட்டு உண்டாக்கினதுதான். திருப்பூர் ஆபீசர் வந்தா கோயமுத்தூர்னு சொல்லுவோம். கோயமுத்தூர்க்காரர் வந்தா திருப்பூர்னு சொல்லுவோம். நேத்து ரெண்டு பேரும் ஒரே ஜீப்புல வந்து இறங்கிட்டாங்க! எல்லாரும் மெல்ல வீட்டுக்குள்ள நழுவப் பார்த்தோம். பக்கத்து வீட்டு தெய்வாத்தாக்கா மட்டும், “ஏனுங்க, டீ குடிக்கிறீங்களா?”ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

பயப்படாதீங்க. எந்த ஊருன்னு கார்டு காட்டாட்டி தகரத்தைப் பிரிச்சிருவாங்களாம், அவ்வளவுதான். நம்ம ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து சீக்கிரம் அனுப்புங்க.

கம்பெனி வேன் வந்திருச்சு. உங்க மாப்பிள்ளை வீட்டுக் கார்டுல என்னை இன்னும் சேக்கல. நம்ம கார்டுல இருந்து என் பேரை எடுத்துட்டீங்களாப்பா?

செண்பகம்