உன் இலையில் உப்பு இல்லை

அண்ணே,

இன்று மத்தியானம் பேச்சி கொடியில் பறித்த பச்சைக் குருமிளகை அம்மியில் வைத்து நசுக்கினாள். கொழுப்பு உருகிக் கிடந்த தோசைக்கல்லில் அது விழுந்ததும் வீடெல்லாம் வாசம். அந்த வாசத்தோடு நீயும் மூக்கில் ஏறி வந்துவிட்டாய். கூப்பிடாத இடத்துக்கு வருவது உனக்குப் புதிதா என்ன. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். திட்டுகிற வார்த்தைகளில் பாதியை எழுதாமல் விட்டுவிடுகிறாள். விட்டதையும் சேர்த்து வாங்கிக்கொள்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருசம் அது. அண்ணி செத்துப்போய், நீ தோட்டத்துக் கூலியாட்களின் லயத்தில், எங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தாய். பகலில் வண்டன்மேட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பங்களாவில் துரைக்குச் சமையல். சாயங்காலம் என் பெண்டாட்டி பேச்சி கையால் சாப்பாடு. ஒருநாள் பங்களாவில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாய். கம்பவுண்டர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, "உப்பை நிறுத்து, இல்லேன்னா ஒரு பக்கம் இழுத்துக்கும்" என்றார். அதை நீ எங்களிடம் சொல்லவே இல்லை. அவரே லயத்துக்கு வந்து பேச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உனக்குத் தனிச் சட்டி வைத்தாள்.

அதற்கு நீ கொடுத்த மரியாதையை நான் மறப்பேனா?

"என்ன தாயி, இது குழம்பா, மாட்டுக்கு வைக்கிற கழனித் தண்ணியா?"

அடுத்த வீட்டுக்காரனுக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வாய். அவள் தலையைக் குனிந்துகொண்டு மோர் ஊற்றுவாள். ஒருநாள் அவளே கேட்டாள்: "மச்சான், துரைக்குக் கறித்துண்டு சுடுறீகள்ல, அதோட பக்குவத்தச் சொல்லுங்க. உப்பில்லாமச் செஞ்சு பாக்குறேன்."

"ஸ்டேக்கா? லயத்து அடுப்புலயா?" வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தாய். "மொதல்ல அது உன் வாயில நுழையுதான்னு சொல்லிப் பாரு தாயி."

நீ சொல்லித் தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். சந்தையில் மாட்டின் முதுகுச் சதையாகக் கேட்டு, இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி வாங்கிவரச் சொன்னாள். லயத்தில் எல்லாரும் கறியை உப்பும் மஞ்சளும் போட்டுத்தான் அலசுவார்கள். அவள் வெறும் மஞ்சளில் அலசி, என் பழைய வேட்டியால் ஈரம் போக ஒற்றி எடுத்தாள். முதல் தடவை செருப்புத் தோல் மாதிரி வந்தது, நான் தின்றேன். அடுத்த தடவை வெளியே கரி, உள்ளே பச்சை. அதையும் நான்தான் தின்றேன். பிறகு பிடிபட்டது. பச்சைக் குருமிளகு, பூண்டு, இஞ்சி மூன்றையும் நசுக்கித் தடவி ஊறப்போட்டாள். கல் நன்றாகக் காய்ந்த பிறகு கொழுப்பைத் தேய்த்துக் கறியைப் போட்டாள். அது தானாகக் கல்லை விடுகிறவரைக்கும் திருப்பவில்லை. எடுத்துச் சட்டியில் மூடிவைத்துவிட்டு, கல்லில் ஒட்டின கருகலில் எலுமிச்சம்பழம் பிழிந்து சுரண்டி மேலே ஊற்றினாள். தணலில் சுட்ட சின்ன வெங்காயம். அவித்த மரவள்ளிக் கப்பைக்கிழங்கில் காந்தாரி மிளகாய் இடித்துப் போட்டாள். உப்பு ஒரு கல்லும் இல்லை. கறி கல்லில் விழுந்ததிலிருந்து இலைக்கு வருகிறவரைக்கும் நான் அடுப்படியை விட்டு நகரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கங்காணியையும் பங்களா வாட்ச்மேனையும் கூட்டிவந்திருந்தாய். என் பெண்டாட்டி துரைச் சமையல் செய்கிற கூத்தைக் காட்டத்தானே கூட்டிவந்தாய்? ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாய். மெல்லுகிறது நின்றது. பேச்சி கதவோரம் நின்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கங்காணிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஏப்பா குக்கு, துரை வீட்டுல மிஞ்சினதுன்னு நீ கொண்டாந்து குடுப்பியே, அது இதுக்குக் கிட்ட நிக்காதுப்பா!"

உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இலையைத் தள்ளினாய்.

"உப்பு போட்டுட்டா. ருசி வராம என்ன செய்யும்? கம்பவுண்டர் அத்தன சொல்லியும் போட்டிருக்கா. நான் போய்ச் சேந்தா வீடு விசாலமாகும்ல?"

நீ தள்ளின இலையைப் பேச்சி குனிந்து எடுத்தாள். உப்பே போடவில்லை என்று நான் சத்தம் போட்டேன். யார் கேட்டார்கள்? துரைக்கே சமைக்கிறவன் நாக்கு பொய் சொல்லுமா என்றார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் உன்னை மடக்கினேன். "அண்ணே, அதுல உப்பு இருந்துச்சா?" என்று கேட்டேன். சட்டியை எட்டிப் பார்த்தே உப்பு கூடவா குறையவா என்று சொல்கிறவன் நீ.

"இல்லடா," என்றாய். எவ்வளவு லேசாகச் சொன்னாய்! "நாலு பேர் முன்னால உப்பில்லாமலே ருசியா இருக்குன்னு நான் சொன்னா, இத்தன வருசம் பங்களாவுல நீ என்னடா கிழிச்சேன்னு கேப்பாய்ங்கடா."

"அவ பேரு போச்சே அண்ணே."

"மாரியம்மன் பொங்கலுக்கு எல்லாரும் கூடுவாகல்ல. அப்பச் சொல்லிடுறேன், போ."

பொங்கலுக்கு முந்தின வாரம் பங்களா அடுப்படியிலேயே உனக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணிப்போனது. பார்க்க வந்த பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ உளறினாய். என்னவென்று யாருக்கும் புரியவில்லை. சாயங்காலம் போய்ச் சேர்ந்தாய். ருசி பார்க்கிறேன் என்று பங்களாச் சட்டிகளில் எத்தனை கரண்டி வழித்துத் தின்றாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "பேச்சி உப்பு போட்டா, ஆள் போயிட்டாரு." லயம் முழுக்க அதே பேச்சு. நீ என்னிடம் சொன்னதை நான் சொன்னேன். பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்றார்கள்.

அதற்குப் பிறகு லயத்தில் எத்தனையோ கல்யாணப் பந்தி. இலை போட்டதும் முதலில் உப்பு வைக்க வேண்டும். பேச்சி கிண்ணத்தைத் தொட்டால், "நீ தண்ணி வையி பேச்சி" என்று வாங்கிக்கொள்வார்கள். சிரித்துக்கொண்டேதான் வாங்குவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே செம்பை எடுப்பாள். அப்படியே அவளுக்குத் தலை நரைத்தது.

அப்பா செத்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே கம்பம் ஊரிலிருந்து இந்த மலை ஏறினவன் நீ. அதையும் மறக்கவில்லை. மறந்திருந்தால் உன்னை வைவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது எனக்கும் பிரஷர். எனக்கும் உப்பு கூடாதாம். இன்று அந்தக் கறியைத் தின்றுவிட்டு, "அருமையா இருக்கு பேச்சி" என்றேன்.

"மெதுவாச் சொல்லுங்க," என்றாள். "உப்பு போட்டுட்டான்னு யாராச்சும் கிளம்பிடப் போறாக."

இன்று உன் திதி. படையல் போட்டாயிற்று. கப்பை வைத்தேன், சுட்ட வெங்காயம் வைத்தேன், அவள் சுட்ட கறியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தேன். இலை முனையில் உப்பு மட்டும் வைக்கவில்லை. ஒரு வருசமும் வைத்ததில்லை, என் கை இருக்கிறவரைக்கும் வைக்கமாட்டேன். தின்னு. தின்றுவிட்டு, அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள், போய் அவளிடம் சொல்.