வேன் திரும்பும் இடம்

பெப்ரவரி 3
இன்றும் ஹோட்டல் விருந்தினர்களுக்கு நுவரெலியாவைச் சுற்றிக்காட்டினேன். செங்கல் தபால் நிலையம், குதிரைப் பந்தயத் திடல், வாவி. "அப்படியே எங்கள் ஊர்," என்றார் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு அம்மா. அதைச் சொல்லவைப்பதுதான் என் வேலை. கடைசியாக எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயம், பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கல்லறை. அவருடைய குதிரையின் பெயர் வரைக்கும் சொல்கிறேன்.

பெப்ரவரி 11
தேவாலயத்துக்குப் பக்கத்தில் வேன் திருப்ப இடமிருக்கிறதா என்று ஹோட்டல் மனேஜர் கேட்டார். கல்லறை வேலிக்கு வெளியே உள்ள புல்தரையைக் காட்டினேன்.
"அங்க ஒன்னுமில்லையே?"
"இல்ல சேர்."
பல் முளைக்காமல் செத்த பிள்ளைகளை எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் அங்கேதான் புதைப்பார்கள். கல் வைப்பதில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பூரணி அக்காவின் பிள்ளையும் அங்கே.
தெரிந்துதானே சொன்னேன். வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார் — அதற்காகவா? அந்த நேரம் அந்த இடம் எனக்கு வெட்கமாக இருந்ததா?

பெப்ரவரி 12
சொல்லிவிடலாம். நாளைக்கு.

பெப்ரவரி 14
பெக்கோ இயந்திரம் வந்து மண்ணைச் சுரண்டிவிட்டது. மேலே சரளை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பெப்ரவரி 20
பூரணி அக்கா வாசலில் நின்று கத்தினாள். "தொரைக்கு வேலி போட்டுப் பூச்செடி வச்சிருக்கானுங்க. எம்புள்ள மேல டயரு! சனிக்கெழம பால் ஊத்தணும், எங்கன்னு ஊத்துவேன்?"
பிறகு என்னிடம்: "நீ அவனுங்களோட பேசுறவன், தம்பி. எந்தப் பாவி எடத்தக் காட்டுனான்னு கேட்டுச் சொல்லு."
"கேக்குறேன்க்கா."
என் வாய்தான் அதைச் சொன்னது.

பெப்ரவரி 24
வேன் வளைவில் ஏறியபோது பூரணி அக்கா சரளையின் நடுவே நின்றாள். கையில் பால் போத்தல். டிரைவர் சுமன் அண்ணனின் கை ஹோர்னுக்குப் போனது.
"அடிக்காதீங்கண்ணே."
இறங்கினேன்.
"நாந்தான்க்கா காட்டுனேன்."
"தெரிஞ்சேவா?"
"தெரிஞ்சேதான்."
அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் போத்தலைத் திறந்து, எங்கே என்று தெரியாமல், சரளை முழுக்க நடந்து நடந்து ஊற்றினாள்.
வேனிலிருந்தவர்கள் என்ன சடங்கு என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் படம் எடுக்கவில்லை.

பெப்ரவரி 25
இனி வரவேண்டாம் என்றார் மனேஜர்.

மார்ச் 9
புது வழிகாட்டி, அதே சரளை. சுமன் அண்ணன் மட்டும் வேனை அங்கே திருப்புவதில்லை. வளைவு முழுக்க ரிவர்ஸிலேயே இறக்குகிறார். மனேஜர் ஏசுகிறாராம். "கழுத்துதான் வலிக்குது," என்று சிரித்தார்.
கீழே நின்ற வேனுக்குப் பூரணி அக்கா அவருக்காகத் தேத்தண்ணி கொண்டுபோனாள். என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனாள்.