முதலில் திறந்தது உம்முடைய பை

இன்று காலை அலுமாரியில் சேலை தேடும்போது உம்முடைய கைப்பட்டி கையில் பட்டது. செம்மஞ்சள் நிறம், பாதுகாப்பு என்று பிரெஞ்சில் எழுதியது. தோய்த்துத்தான் வைத்திருந்தேன். ஆனாலும் நீர் முழங்கைக்குப் பூசுகிற தைல மணம் அதைவிட்டுப் போகவில்லை. இன்றைக்குப் பிள்ளையார் கோயில் தேர். தேர் நாளில் உம்மை நினைக்காமல் நான் வீட்டுப் படி இறங்குவதில்லை. இதைக் கேட்டால், "வேறை அலுவல் இல்லையே காணும் உமக்கு" என்றுதான் சொல்லியிருப்பீர்.

நீர் பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கத்தில் ஒரு பெரிய கடை வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்க்கிற வேலை செய்தீர். நான் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் சூடம், சாம்பிராணி, தேங்காய் விற்கிறவள். வேலை முடிந்து பொபினியில் வீட்டுக்குப் போகிற வழியில் என் கடைக்கு வந்து, அந்த நீல பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பீர். குடித்துவிட்டுப் பேசாமல் போகிற பிறவியா நீர்? நாட்டுக்கு எல்லை வேண்டும், எல்லையில் கேள்வி வேண்டும், கேள்விக்குப் பதில் வேண்டும் என்று தொடங்குவீர். சாமான் வாங்க வந்த சனம் விலை கேட்க மறந்து நிற்கும்.

"ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற மனுசி" என்று உமக்குப் பின்னால் சொன்னார்கள். அதை நான்தான் உம்மிடம் சொன்னேன், கோபப்படுவீர் என்று பார்த்தேன். நீர் தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "நான் எங்கை உதைச்சனான்? ஏணியாலை வாங்கோ எண்டு சொல்லுறன். மதில் பாய்ஞ்சு வராதையுங்கோ எண்டு சொல்லுறன்" என்றீர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. மதில் பாயாமல் உயிர் தப்ப முடியாத சனமும் இருக்கு, அது உமக்கு விளங்காது என்று சண்டை பிடித்தேன். உம்மோடு சண்டை பிடிக்காத கிழமை எனக்கு உப்பில்லாத கறி மாதிரித்தான் இருந்தது.

என் தம்பியின் கதை உமக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் மாதக்கணக்காய் அலைந்தேன். உயிரோடு என்னிடம் வந்து, இந்த மண்ணில் இருக்க அவனுக்கு ஒரு வதிவிடக் கார்த்தும் கிடைத்தால், தேருக்கு முன்னால் அவன் கையாலேயே தேங்காய் உடைப்பிக்கிறேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன். வந்து சேர்ந்தான். ஆனால் அகதி மனுவை முதலில் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் போகும்போது, தெருவில் ஒருவர் காசு தந்தால் "நல்ல கேஸ்" எழுதித் தருகிறேன் என்றார். எங்கள் சனம் செய்கிற வேலைதானே அது. ஒரே சிறை, ஒரே காயம், பேர் மட்டும் வேறை.

நீர் கதிரையை விட்டு எழும்பிவிட்டீர். "வாங்கின கதை உம்மடை தம்பின்ரை கதையில்லை. அவனுக்கு நடந்ததை அவன் சொல்லட்டும். நாடு கேள்வி கேக்கத்தான் செய்யும். கேக்கட்டுமே."

"உமக்குச் சொல்லச் சுகம். உம்மடை கார்த் உம்மடை பையுக்கை கிடக்கு" என்றேன். அந்தக் கிழமை முழுக்க நான் உமக்குத் தேத்தண்ணி தரவில்லை.

தம்பிதான் முடிவெடுத்தான். நீதிபதிகளுக்கு முன்னால் தனக்கு நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னான். கார்த் வந்தது. நீர் கடைக்கு வந்து, வென்ற முகத்தை மறைக்கவும் தெரியாமல், "நாடு கேட்டுது, பெடியன் சொன்னான், நாடு நம்பினது" என்றீர். உண்மை சொல்லியும் கார்த் கிடைக்காமல் போனவர்களின் பேரைச் சொல்லட்டா என்று நான் கேட்டேன். நீர் கோப்பையை நீட்டி இன்னும் தேத்தண்ணி கேட்டீர். அந்த ஒரு தடவை நான் வென்றேன் என்றே இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

அவன் நேர்த்தி முடிக்க இருந்த அந்தக் கோடைதான் பாரிஸ் தாக்குதல்களுக்குப் பிறகு வந்த கோடை. நாட்டில் அவசரகால நிலை, ஸ்ரேசன் வாசலில் துவக்கோடு ஆமி. அவர்களைக் கண்டால் நான் தெருவின் மற்றப் பக்கத்தால் போவேன். "எங்கடை ஊரிலை சோதிச்சவனும் உவனும் ஒண்டுதான்" என்பேன். "இல்லை. அங்கை எங்களை வெருட்டச் சோதிச்சவங்கள். இஞ்சை சனத்தைக் காப்பாத்தச் சோதிக்கிறாங்கள்" என்பீர். தேருக்கு அனுமதி இல்லையாம் என்று தெரு முழுக்கக் கதை. கோயில்காரர் அதிகாரிகளோடு பேசப் போனபோது நீரும் கூடப் போனீர். திரும்பி வந்து நீர் சொன்னதை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன்: "தடுப்புப் போடுவம், ஒவ்வொரு பையும் திறப்பம் எண்டு சொன்னன். ஆனால் கும்பிடுறது எங்கடை உரிமை, உங்கடை அரசியல் சட்டத்திலை எழுதிக் கிடக்கு, பிச்சையா வந்து கேக்கேல்லை எண்டும் சொன்னன்." அனுமதி கிடைத்தது. கைப்பட்டியும் உமக்குக் கிடைத்தது.

தேர் அன்று காலைதான் அது நடந்தது. நேர்த்தித் தேங்காய்களைச் சாக்குகளில் கொண்டு வந்த தம்பி, எங்கள் சனம் வருடா வருடம் செய்கிற மாதிரியே, தெரு மூலையில் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு, வான் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போய்விட்டான். சாமித் தேங்காயை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். சொந்தக்காரன் இல்லாமல் சாக்குகள் கிடக்கிறதைப் பொலிஸ் கண்டது. விசில் ஊதினார்கள், நாடா கட்டினார்கள், சனத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கோயில் வாசலில் சோடித்த தேர் வடம் இழுபடாமல் நின்றது. சாக்குக்கு ஆள் வராவிட்டால் தேர் இல்லை, இனி எந்த வருடமும் இல்லை என்று கோயில்காரர் தலையில் கை வைத்தார்.

தம்பி திரும்பி வந்து பார்த்துவிட்டு வெளிறிப்போனான். சுற்றி நின்ற சனம், "மாறு தம்பி, மாறு, மெத்ரோவுக்கை இறங்கு. ஆற்றையோ தேங்காய் எண்டு விடு" என்றது. நானும் போடா என்றுதான் சொன்னேன். அதற்கு நான் வெட்கப்படவில்லை. சீருடையைக் கண்டு ஓடித் தப்பின சனம் நாங்கள், அந்தப் பழக்கம்தான் எங்களுக்கு உயிர் தந்தது.

சனத்தை விலத்திக்கொண்டு நீர் வந்தீர். "ஏன் ஓடவேணும்? கார்த் இருக்கிறவன் நிண்டு கதைப்பான்" என்று அவன் கையைப் பிடித்தீர். நேராகப் பொலிசிடம் போனீர். யாரும் கேட்காமலே முதலில் உம்முடைய கைப்பையைத் திறந்து காட்டினீர். பேர்ஸ், குடை, தைலப் போத்தல். பிறகுதான் தம்பியைப் பார்த்து, "இப்ப நீ சொல்லு" என்றீர். அவன் தெரிந்த பிரெஞ்சில், "மிசியு, சாக்கு என்ரை. தேங்காய். சாமிக்கு" என்றான். பெரிய அதிகாரி கத்தினார். நீர் எதிர்க்கவில்லை. பிழை எங்களுடையது, நான் உங்களுடைய இடத்தில் நின்றாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்றீர். சாக்குகளை அவிழ்த்துப் பார்த்தார்கள். தேங்காய்தான்.

அதோடு முடியவில்லை. ஒரு இளம் அதிகாரி தம்பியின் கார்த்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவனைத் தங்கள் வாகனத்தில் ஏறச் சொன்னான். பொலிஸ் செய்வதெல்லாம் சரி என்று என் கடையில் இருந்து வாதாடின நீர், தம்பிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றீர். குரலை உயர்த்தவே இல்லை. "கார்த் பாத்தாச்சு. சாக்குப் பாத்தாச்சு. இனி எந்தச் சட்டத்திலை கூட்டிக்கொண்டு போறீங்கள்? அதைச் சொல்லுங்கோ, நானும் வாறன்" என்று பிரெஞ்சில் கேட்டீர். அந்தப் பொலிஸ் பெடியன் பெரிய அதிகாரியைப் பார்த்தான். பெரியவர் கார்த்தை வாங்கித் தம்பியின் கையில் கொடுத்தார். நாடாவை அவிழ்க்கச் சொன்னார்.

தேர் ஓடியது. என் தம்பி சட்டையில்லாமல், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சாக்குச் சாக்காய் உடைத்தான். தேங்காய்த் தண்ணி தார் ரோட்டில் ஓடியது, வெயிலில் அதன் மணம் எழும்பியது. ஒளிக்காமல், ஓடாமல், தன் பேரோடு இந்த ஊர் நடுரோட்டில் நின்று அவன் உடைத்த ஒவ்வொரு தேங்காய்க்கும் நான் அழுதேன், சிரித்தேன். நீர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தடுப்பில் நின்று, "அக்கா, பையைத் திறவுங்கோ, சாமி எங்கையும் போகாது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தீர்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதும் நாங்கள் எல்லையைப் பற்றித்தான் சண்டை பிடித்தோம். உம்முடைய கதை பாதி பேய்க்கதை என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "தேர் ஓடினதோ இல்லையோ, அதைச் சொல்லும்" என்றீர். ஓடினது என்றேன். வேறு என்ன சொல்ல? உம்மைப்போல ஒரு ஆள் எனக்கு இனிக் கிடைக்காது, அது எனக்கு அப்போதே தெரியும்.

இன்றைக்கு உம்முடைய கைப்பட்டியோடு தடுப்பில் நான் நின்றேன். தம்பி எதிர்ப்பக்கத் தடுப்பில். அவன் இப்போது பிரெஞ்சுக் குடிமகன், இந்த முறை வாக்கும் போட்டவன். ஆருக்கு என்று கேட்டால் சொல்கிறான் இல்லை. பட்டுச்சேலை கட்டின ஒரு மனுசி என் முன்னால் நின்று, "எங்கடை கோயிலுக்கு வர எங்கடை பையையே திறக்கவேணுமே? நீங்கள் ஆர் கேக்க?" என்று பாய்ந்தாள். எனக்கு நல்ல பதில் ஒன்று நாக்கு நுனியில் வந்தது.

என் கைப்பையை அவளுக்கு முன்னால் அகலத் திறந்து காட்டினேன். பேர்ஸ், கடைத் திறப்புக் கொத்து, உம்முடைய தைலப் போத்தல். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன்னுடையதைத் திறந்தாள். பின்னால் வடம் இழுக்கிற சத்தம் கேட்டது.

தேர் ஓடினது காணும்.