நான் பார்க்காமல் விட்ட முகம்

விளைந்த முதல் கதிரை எனக்கென்று ஒடித்து வரும் அப்பாவுக்கு,

நம் காட்டு மக்காச்சோளம் இந்த வருடமும் பன்றிக்குப் பாதி, நமக்குப் பாதிதான். அம்மா நன்றாக இருக்கிறாள். நான்தான் சரியில்லை அப்பா.

கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குச் சொல்லி வைத்திருந்தீர்களே, அதன்படி நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்று காலை கண் வங்கிக்கு நான்தான் போன் செய்தேன். கடையில் உப்பு கேட்கவே கூசுகிறவள், திக்கித் திக்கி ஊர்ப் பெயரைச் சொன்னேன். உங்கள் இமைமேல் ஈரப் பஞ்சை வைத்ததும் நான்தான். கோவில்பட்டியிலிருந்து வந்தவர்கள் எங்களை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

அப்போது பெரியம்மா என் காதோடு சொன்னாள். "ஏட்டி, இனி அப்பா முகத்தப் பாத்துராத. கண்ணு இருந்த எடம் பள்ளமாக் கெடக்கும். பொறவு ஒனக்கு ஒறக்கமே வராது."

அவ்வளவுதான். உங்களைத் தூக்கும் முன் எல்லாரும் முகம் பார்த்தார்கள். நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "ஏட்டி, எடுக்கப் போறாவ! ஒருதடவ வந்து பாத்துரு!" என்று அம்மா கதவைத் தட்டினாள். அவள் குரல் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"அப்பன்மேல அம்புட்டு உசுரு. பாக்கத் தாங்கல புள்ளைக்கு" என்றது ஊர். இல்லை என்று நான் சொல்லவில்லை.

போன மாதம், உங்கள் கண்ணைக் கொடுத்ததற்காகப் பஞ்சாயத்து ஆபீசில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். ஒன்பதாவதோடு நின்றவளுக்குக் கைதட்டல்! அன்று உங்கள் கண்ணை எடுக்க வந்த நர்சக்காவும் அங்கே இருந்தார்; முகம் பள்ளமாகிப் போனதா என்று மெதுவாகக் கேட்டேன். "கண்ணு முன்னால இருக்க மெல்லிசு வட்டத்த மட்டுந்தாம்மா எடுத்தோம். முகம் அப்படியேதான இருந்துச்சு, நீ பாக்கலையா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "தூங்குத மாதிரிதான் இருந்தாவ. மீச கூடக் கலையல" என்றாள்.

அந்த மீசையை நான் பார்க்கவில்லையே அப்பா. உங்கள் கண்ணைக் கொடுத்தவள் என்று எனக்குப் பேர். உங்களைப் பார்க்கப் பயந்தவள் நான். எப்படி உங்கள் படத்துக்கு முன்னால் நிற்பேன்? உங்கள் கண்ணோடு யாராவது டவுனில் எதிரே வந்தால்? பஸ் ஸ்டாண்டில் இப்போதெல்லாம் நான் நிமிர்ந்து நடப்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் தான முகாம். "தைரியமான புள்ள, நீ ரெண்டு வார்த்த பேசுட்டி" என்கிறார்கள். உப்பு கேட்கவே கூசுகிற எனக்கு மைக்! ஆனாலும் பேசுவேன் அப்பா, சத்தியம். பெரியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், அம்மா அழுதாலும், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒளிந்ததைச் சொல்லிவிடுவேன். இனிக் கண் கொடுக்கும் வீட்டுப் பிள்ளைகளாவது கிட்டப் போய் முகம் பார்க்கட்டும்.

உங்கள் பயந்தாங்கொள்ளி மகள்,
மாரீஸ்வரி