செங்கம்மாள், எண் 31408, தனி வரி

அனுப்புநர்:
திருமதி அகஸ்டினா மூட்லி,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கிளேர்வுட், டர்பன்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கப்பல் பயணியர் நினைவுச் சுவர் அலுவலகம்,
டர்பன்.

பொருள்: 1883இல் ரோஸ்மண்ட் கப்பலில் வந்த செங்கம்மாளை நைனப்பன் என்பவரின் மனைவி எனக் கல்லில் பொறிப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "செத்து எண்பது வருஷமான பூட்டிக்கு அகஸ்டினா ஆன்ட்டி இப்ப டிவோர்ஸ் வாங்கித் தர்றாங்க" என்று எங்கள் தேவாலயப் பங்குக் கூடத்தில் சிரிக்கிறார்கள். அச்சிரிப்பு தங்கள் அலுவலகத்துக்கும் எட்டியிருப்பதாக அறிகிறேன். அன்புகூர்ந்து திருத்திக்கொள்ளுங்கள். விவாகரத்துக்கு முதலில் திருமணம் நடந்திருக்க வேண்டும். என் பூட்டியார் செங்கம்மாளுக்கும் நைனப்பனுக்கும் அப்படி எதுவும் நடக்கவில்லை.

2. தாங்கள் பார்வைக்கு வைத்துள்ள கல் வாசகம்: "நைனப்பன், 31407. மனைவி செங்கம்மாள், மகள் குப்பி." இது எப்படி நேர்ந்தது என்பது எனக்குத் தெரியும். ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றும் முன் தங்கவைத்த சென்னை டிப்போவில், நின்ற வரிசைப்படி எண் கொடுத்தார்கள். நைனப்பனுக்குப் பின்னால் என் பூட்டியார், கையில் மூன்று வயதுக் குழந்தையுடன் நின்றார். அடுத்தடுத்த எண்களைப் பார்த்துத் தங்கள் அலுவலர்கள் குடும்பம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். வரிசையில் பின்னால் நிற்பது திருமணம் ஆகாது.

3. கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள் நான். ஒரு கட்டத்தையும் விடாமல் படிக்கப் பழகியவள். கப்பல் பட்டியலில் செங்கம்மாளுக்கு எதிரே "கணவர்" கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே உள்ளது. கரையிறங்கியதும் நைனப்பன் வடக்கே கரும்புத் தோட்டத்துக்கும், செங்கம்மாள் தெற்கே தேயிலைத் தோட்டத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். தம்பதியரை அப்படிப் பிரிப்பது அன்று வழக்கமில்லை. 1893இல் நைனப்பன் கப்பலேறி ஊர் திரும்பினார். அந்தத் திரும்பும் கப்பலின் பட்டியலில் "மனைவி ஊரில்" என்றே எழுதப்பட்டுள்ளது. பத்தாண்டு காத்திருந்த அந்த அம்மாளையும் தங்கள் கல் அவமதிக்கிறது.

4. தங்கள் உதவியாளர் திரு. ரூபன் நாயுடு தொலைபேசியில் சொன்னது: "ஆன்ட்டி, குழந்தையோட தனியா வந்தாங்கன்னு கல்லுல போட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க? உங்க மரியாதைக்குத்தான் ஜோடி சேர்த்தோம்." அவர் நல்ல பிள்ளை. ஆனால் எங்கள் மரியாதை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில், துணைக்கு ஓர் ஆள் இல்லாமல், கடலையே பார்த்திராத ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார். யாரும் அவரைக் கூட்டி வரவில்லை. அவர்தான் எங்களைக் கூட்டி வந்தார்.

5. அவருக்கு எழுதத் தெரியாது. தம் எண் தெரியும். எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் ஒன்று, இரண்டு படிக்கும்முன் 31408 படிப்போம். அவர் கல்லறையிலும் பெயரும் எண்ணும் மட்டுமே உண்டு. அவரே அப்படிக் கேட்டாராம். அந்த எண்ணைத் தங்கள் வாசகம் அறவே விட்டுவிட்டது.

6. கல் வெட்டும் வேலை ஆகஸ்ட் 28 அன்று தொடங்குவதாக அறிவித்துள்ளீர்கள். வெட்டிய பின் வருத்தம் தெரிவிப்பதால் பயனில்லை. எனவே அதற்கு முன்பாக, நைனப்பனை அவர் வரியில் தனியே விட்டு, கீழ்க்கண்டவாறு பொறிக்க உத்தரவிட வேண்டுகிறேன்:

செங்கம்மாள், வயது 22, எண் 31408.
அவர் மகள் குப்பி, வயது 3, எண் 31409.

இரு பட்டியல்களின் நகல்களும் கல்லறையின் படமும் இணைத்துள்ளேன். தொலைபேசியில் விளக்கம் வேண்டாம். தங்கள் முடிவைக் கையொப்பத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

இடம்: டர்பன்
நாள்: 14.08.2023

அகஸ்டினா மூட்லி
(31409 குப்பியின் பேத்தி)